ஊட்டி வேண்டாம், புன்னைக்காயல் போவோம்!

கோடை விடுமுறைக்கு ஊட்டியா, கொடைக்கானலா என்று பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, "புன்னைக்காயல ஒருதடவ பாத்துரணும்யா" என்றார் 86 வயதுப் பாட்டி. அவர் பிறந்த ஊர். சென்னைக்கு வந்தபிறகு அந்தப் பக்கம் போனதே இல்லை. காரை எடுத்தோம்.

தூத்துக்குடியில் 1713-ல் எழும்பிய பனிமய மாதா கோயிலில் கும்பிட்டுவிட்டு, கால்கிலோ மக்ரூனும் வாங்கிக்கொண்டு திருச்செந்தூர் சாலையைப் பிடித்தோம். இரண்டு பக்கமும் உப்பளம். காலை ஒன்பது மணிக்கே கண் கூசியது.

வழியில் விலகிக் கொற்கைக்குப் போனோம். "துறைமுகம் எங்கப்பா?" என்றான் சின்னவன். நியாயமான கேள்வி. சுற்றிலும் வயலும் வாழையும்தான். பாண்டியர்களின் முத்துத் துறைமுகம் இது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கடல் ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. அடுத்துக் கொடிகட்டிப் பறந்தது மார்க்கோ போலோ எழுதிய காயல். அதுவும் தூர்ந்துபோக, புன்னைக்காயல். பிறகு தூத்துக்குடி. கடலைத் துரத்திக்கொண்டே துறைமுகம் இடம் மாறியிருக்கிறது!

அதுவரை தூங்கிக்கொண்டு வந்த பாட்டி, ஆத்தூர் தாண்டியதும் பேச ஆரம்பித்தார். தாத்தா முத்துக்குளித்தவர். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போகவேண்டும். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கயிறு அசைந்தால் உடனே இழுக்க வேண்டும்.

"கயிறு யாரு பிடிப்பா தெரியுமா? மச்சான்தான். அக்கா தாலி அவன் கையில இருக்குல்லா, விடமாட்டான்."

தாத்தாவுக்குக் கயிறு பிடித்தது பாட்டியின் தம்பி. 1961-தான் தூத்துக்குடியில் நடந்த கடைசி முத்துக்குளிப்பு. பிறகு பார்களில் சிப்பி சேரவில்லை. தம்பி சங்குகுளிக்கப் போனார். தாத்தா சென்னைக்குக் கிளம்பிவிட்டார். "கடல விட்டுட்டுப் போறியளா மச்சான்" என்று கோபித்துக்கொண்டவர், அப்புறம் பேசவே இல்லையாம். இருவருமே இப்போது இல்லை.

புன்னைக்காயலில் தாமிரபரணி கடலோடு சேருகிறது. 16-ஆம் நூற்றாண்டில் தமிழை அச்சேற்றிய ஹென்றிக்கஸ் பாதிரியார் வாழ்ந்த ஊர். அதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தயாராக வந்திருந்தேன். கேட்க ஆளில்லை. விசாரித்துப் போய் நின்ற வீட்டில் பாட்டியின் ஜாடையிலேயே ஒருவர் வெளியே வந்தார். தம்பி மகன். ஒரு நிமிஷம் பார்த்தவர், "அத்தையா?" என்றார். பாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் மீன்குழம்புச் சாப்பாடு. சாயங்காலம் மணப்பாடு போவதாகத் திட்டம். பாட்டி அசையவில்லை. நாங்கள் மட்டும் போய், மணல் குன்றின்மேல் இருக்கும் திருச்சிலுவைக் கோயிலைப் பார்த்துவிட்டு ராத்திரி எட்டரைக்குத் திரும்பினோம். அத்தைக்கும் மருமகனுக்கும் இன்னும் பேச்சு முடிந்திருக்கவில்லை.