கட்டம் போட்ட நோட்டில் நம் தீவுகள்

ரயில்வேயில் கணக்கோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகளின் விடுமுறைக்கு ஒரு விளையாட்டுச் சொல்கிறேன்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு விவரங்களை அரசு இணையத்தில் இலவசமாகவே தருகிறது. அந்தமான் நிக்கோபாரில் 2001-இல் 3,56,152 பேர், 2011-இல் 3,80,581. கூடிவிட்டது என்று அதோடு நிற்க வேண்டாம். நிக்கோபார் மாவட்டத்தைத் தனியே பாருங்கள்: 42,068 பேர், 36,842 ஆகக் குறைந்திருக்கிறார்கள்.

ஆயிரம் பேருக்கு ஒரு கட்டம் என்று வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். முதல் வரிசையில் 42, அடுத்ததில் 37. ஐந்து கட்டம் எங்கே என்று பிள்ளை கேட்கும். இடையில் 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்ததைச் சொல்லுங்கள். மாண்டவர் எத்தனை, இடம்பெயர்ந்தவர் எத்தனை என்பதை இந்தக் கட்டங்கள் சொல்லா. அதை மேலும் தேட வேண்டும்.

மொத்தத்தைப் பிரித்துப் பார். பிறகு காரணம் கேள். புள்ளிவிவரப் படிப்பின் அரிச்சுவடி இதுதான்.