கலங்கிய தண்ணீரைப் படிகாரம் எப்படித் தெளிய வைக்கிறது?

அடைமழை பெய்த மறுநாள் ஆற்றைப் பாருங்கள், தே தாரிக் நிறத்தில் ஓடும். அதே தண்ணீர்தான் இரண்டொரு நாளில் நம் வீட்டுக் குழாயில் கண்ணாடிபோல் வருகிறது. இந்த மாயத்தில் பெரும்பங்கு படிகாரத்துடையது. மலாய்க்காரர்கள் 'தாவாஸ்' என்பார்கள். முடிதிருத்தும் கடையில் சவரத்துக்குப் பின் தேய்க்கும் கல்லும், திருஷ்டிக்காக வாசலில் கட்டும் கல்லும் இதன் உறவுதான். சுத்திகரிப்பு நிலையங்களில் போடுவது பெரும்பாலும் அலுமினியம் சல்பேட். இரண்டிலும் வேலை செய்வது அலுமினியமே.

மண் கலந்த தண்ணீர் தானாகத் தெளியாதா என்று கேட்கலாம். மணல் தெளியும், களிமண் தெளியாது. களிமண் துகள்கள் மிக நுண்ணியவை, அத்துடன் ஒவ்வொன்றின் மேலும் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் ஒட்டிப் பெரிதாக வழியில்லை. நாள்கணக்கில் அப்படியே மிதக்கும்.

படிகாரம் கரைந்ததும் மூன்று நேர்மின்னூட்டம் கொண்ட அலுமினியம் அயனி வெளிவருகிறது. அது தன்னைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. இழுப்பு பலமாக இருப்பதால் அந்த நீரிலிருந்து ஹைட்ரஜன் அயனி கழன்று விழுகிறது. இதுதான் நீராற்பகுப்பு. கழன்ற ஹைட்ரஜன் தண்ணீரைச் சற்றுப் புளிக்கச் செய்யும், அதாவது அமிலமாக்கும்.

அடுத்த கட்டம்தான் சுவையானது. ஹைட்ரஜனை இழந்த அலுமினியங்கள் ஆக்சிஜனைப் பாலமாக வைத்து ஒன்றோடொன்று கைகோக்கின்றன. முதலில் இரண்டு, பிறகு மூன்று என்று வளர்ந்து, பதின்மூன்று அலுமினியம் சேர்ந்து ஏழு நேர்மின்னூட்டம் தாங்கிய கொத்துகள்கூட உருவாகும். இத்தகைய கொத்துகளை முன்கூட்டியே தயாரித்து விற்பதுதான் 'பாலி அலுமினியம் குளோரைடு'. இவை களிமண் துகளின் மேல் ஒட்டி அதன் எதிர்மின்னூட்டத்தைத் தணிக்கின்றன. சண்டை ஓய்ந்த துகள்கள் ஒட்டத் தொடங்குகின்றன. மிச்ச அலுமினியம் மின்னூட்டமே இல்லாத அலுமினியம் ஹைட்ராக்சைடாகி, கூழ்போன்ற வெண்பஞ்சுத் திரளாகத் திரண்டு, போகிற வழியில் அகப்பட்ட அழுக்கையெல்லாம் வாரிக்கொண்டு கீழே படிகிறது.

முதல் மாற்றங்கள் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். அதனால்தான் நிலையங்களில் படிகாரத்தைத் தண்ணீர் கொந்தளிக்கும் இடத்தில் சேர்க்கிறார்கள். அதன் பிறகு அரை மணி நேரம்போல மெதுவாகக் கிளறுவார்கள். வேகமாகக் கிளறினால் திரண்ட பஞ்சு உடைந்துபோகும்.

இதெல்லாம் தண்ணீரின் அமிலத்தன்மை சரியாக இருந்தால்தான் நடக்கும். அலுமினியம் மிகக் குறைவாகக் கரைவது பி.எச். 6க்கும் 7க்கும் இடையில். 5க்குக் கீழே போனால் படிய வேண்டியது மீண்டும் கரைந்துவிடும். 9க்கு மேல் போனாலும் வேறு வடிவில் கரையும். இந்த இருபக்கக் குணம்தான் பொறியாளர்களுக்குத் தலைவலி. கரி மண் சதுப்பிலிருந்து வரும் தேநீர் நிறத் தண்ணீர் ஏற்கெனவே அமிலமானது. அதில் படிகாரத்தைப் போட்டால் இன்னும் புளிக்கும். ஆகவே சுண்ணாம்பும் சேர்க்க வேண்டியிருக்கிறது. செம்பனைத் தோட்டங்களில் சுண்ணாம்பு தூவுவதைப் பார்த்திருப்பீர்கள். அமில மண்ணில் கரைந்து வேரைக் கெடுக்கும் அலுமினியத்தை மீண்டும் படிய வைப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று.

கணக்குத் தவறினால் என்ன ஆகும்? 1988 ஜூலை 6ஆம் தேதி இங்கிலாந்தின் கேமல்ஃபோர்டு வட்டாரத்தில், 20 டன் அலுமினியம் சல்பேட் கரைசலை லாரி ஓட்டுநர் தவறான தொட்டியில் ஊற்றிவிட்டார். அமிலமான தண்ணீர் குழாய்களிலிருந்து செம்பையும் ஈயத்தையும்கூட அரித்துக்கொண்டு வீடுகளுக்குப் போனது. என்ன நடந்தது என்று மக்களிடம் சொல்லவே இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. ரசாயனத் தவற்றைவிட அந்த மௌனம்தான் மோசம் என்பேன்.

மலேசியக் குடிநீர்த் தரத்தில் அலுமினியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். ஆரோக்கியமான சிறுநீரகம் உடலில் சேரும் சிறிதளவை வெளியேற்றிவிடும். டயாலிசிஸ் செய்பவர்கள் நிலை வேறு. அங்கே தண்ணீர் குடலைத் தாண்டாமல் நேரே ரத்தத்தோடு உறவாடுகிறது. 1970களில் இதனால் நோயாளிகளுக்கு மூளை பாதிப்பும் எலும்பு நோயும் வந்தது தெரியவந்த பிறகே, டயாலிசிஸ் நிலையங்களில் குழாய் நீரைத் தனியாகச் சுத்திகரித்துப் பயன்படுத்துவது பரவலானது.

குழாய்த் தண்ணீர் வெள்ளையாக வந்தால் உடனே பயப்பட வேண்டாம். ஒரு கிளாஸில் பிடித்து வையுங்கள். அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் அது வெறும் காற்றுக் குமிழி. அடியில் பொடி தங்கினால் நீர் நிறுவனத்துக்குத் தெரியப்படுத்துங்கள்.

வெள்ளக் காலத்தில் வாளித் தண்ணீரைத் தெளிய வைப்பதென்றால், சிறிதளவு படிகாரத்தூள் போதும். முதலில் வேகமாக, பிறகு மெதுவாகக் கிளறி, சில மணி நேரம் ஆடாமல் வைத்து, மேல் தண்ணீரை மட்டும் துணியில் வடிக்கவும். தெளிந்துவிட்டதே என்று அப்படியே குடிக்கக் கூடாது. கிருமிகளில் ஒரு பகுதிதான் அழுக்கோடு படியும், மற்றவை தெளிந்த தண்ணீரிலேயே இருக்கும். நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகே குடிக்க வேண்டும். சிறுநீரக நோயாளிகளுக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம், போத்தல் தண்ணீரை ஒதுக்கி வையுங்கள்.