கிருமியைத் தின்னும் கிருமி

பெரிய மீன் சிறிய மீனை விழுங்குவதை யாவரும் அறிவோம். கண்ணுக்குப் புலப்படாத பாக்டீரியாக்களிடையே இம்முறை தலைகீழாகவும் நடக்கிறது. அங்கே சிறியது ஒன்று பெரியதனுள் புகுந்து அதை உண்டு தீர்க்கிறது.

1962-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹைன்ஸ் ஸ்டோல்ப், பயிர்நோய்க் கிருமிகளைக் கொல்லும் வைரஸ்களை மண்ணில் தேடிக்கொண்டிருந்தார். வைரஸ் தாக்கினால், கிருமி வளர்த்த தட்டில் ஒரே நாளில் தெளிந்த வட்டங்கள் தோன்றும். அவர் கண்ட சில வட்டங்களோ, நாட்கள் கழித்துத் தோன்றி, மேலும் விரிந்துகொண்டே சென்றன. அவற்றுக்குக் காரணம் வைரஸ் அன்று. வால் போன்ற இழையால் விரைந்து நீந்தும் ஒரு பாக்டீரியா. அதற்கு டெல்லோவிப்ரியோ என்று பெயரிட்டனர். டெல்லா என்னும் கிரேக்கச் சொல் அட்டையைக் குறிக்கும். ஆனால் அட்டை வெளியிலிருந்தே உறிஞ்சும். இதுவோ உள்ளே குடியேறிவிடுகிறது.

இதற்கு இரையாகும் பாக்டீரியாவுக்கு வெளிச்சவ்வு, உட்சவ்வு என இரண்டு உறைகள் உண்டு. டெல்லோவிப்ரியோ இரையின்மீது ஒட்டிக்கொண்டு, வெளிச்சவ்வைத் துளைத்து, இரண்டு உறைகளுக்கும் இடையே நுழைகிறது. பின்னர் அத்துளையை அடைத்துவிடுகிறது. ஏன் அடைக்க வேண்டும் என நேயர்கள் வினவலாம். துளை திறந்திருந்தால் இரையின் சத்து நீரில் கசிந்து வீணாகும். அடைத்தால் இரையின் உடலே உண்டியும் உறையுளும் ஆகிறது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டிய கதைதான்!

கோல் வடிவான இரை உருண்டையாக மாறுகிறது. உள்ளிருப்பது அதன் சத்தைச் செரித்து, நூல்போல் நீண்டு, பின்பு ஒரே சமயத்தில் பல குஞ்சுகளாகப் பிரிகிறது. அவை உறையை உடைத்து வெளியேறி அடுத்த இரையை நாடுகின்றன. இவையனைத்தும் மூன்று நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிவரும் இந்நாளில் இச்செய்தி கவனத்திற்குரியது. 2016-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், மருந்துக்குப் பணியாத சீதபேதிக் கிருமியை மீன் குஞ்சுகளுக்குச் செலுத்தி, பின் டெல்லோவிப்ரியோவையும் செலுத்தினர். அவ்வாறு செலுத்தப்பட்ட குஞ்சுகளில் மிகுதியானவை பிழைத்தன. மீனின் வெள்ளணுக்களும் இப்பணியில் துணைநின்றன.

எனினும், ஒற்றைச் சவ்வுடைய கிருமிகளுள் இது குடிபுகுவதில்லை. இரையை அடியோடு ஒழிப்பதுமில்லை. ஆதலின் இதனை மருந்தென்று கூறும் நாள் இன்னும் வரவில்லை. ஆயினும், நாம் மிதித்து நடக்கும் மண்ணிலேயே நோய்க்கிருமிக்கு ஒரு பகைவன் வாழ்கிறான் என்பதை அறிந்துகொண்டோம். அவனைத் துணைகொள்ளும் வழியை ஆய்வாளர் தேடிவருகின்றனர்.