கணக்குப் போடும் இடத்தில் நாம் இருக்கிறோமா?

விவசாயக் கூலி குறைந்தபட்சம் எவ்வளவு இருக்க வேண்டும்? கிராமப்புற வேலைத் திட்டத்துக்கு எத்தனை கோடி ஒதுக்கலாம்? யாரை ஏழை என்று கணக்கில் எடுப்பது? நம் வீட்டு அடுப்பைத் தொடும் இந்தக் கேள்விகளுக்கு அரசுக்கு ஆலோசனை சொல்பவர்கள் பொருளியல் அறிஞர்கள். நிதி அமைச்சகம், ரிசர்வ் வங்கி, நிதி ஆயோக், பல்கலைக்கழகங்கள், ஆய்வு நிறுவனங்கள் என்று அவர்கள் அமர்ந்திருக்கும் இடங்கள் பல. அங்கெல்லாம் சேரியிலிருந்து போனவர்கள் எத்தனை பேர்?

மருத்துவத்திலும் பொறியியலிலும் நமக்குள்ள இடங்களுக்காக நிறையப் போராடியிருக்கிறோம். பொருளியலைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை. இத்தனைக்கும் ஊருக்கு ஊர் நாம் சிலை வைத்திருக்கும் தலைவர் பொருளியல் அறிஞர்.

தண்ணீர்ப் பானையும் பேராசிரியரும்

அம்பேத்கர் 1913-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1915-ல் அங்கே எம்.ஏ. பட்டம். லண்டன் பொருளியல் கல்லூரியில் 1921-ல் எம்.எஸ்சி., 1923-ல் டி.எஸ்சி. பட்டங்கள். ரூபாயின் சிக்கலைப் பற்றிய அவருடைய நூல் 1923-ல் வந்தது. இந்திய நாணயம் பற்றி விசாரித்த ஹில்டன் யங் கமிஷன் முன் அவர் சாட்சியம் அளித்தார். இந்தியாவுக்கு ஒரு மத்திய வங்கி வேண்டும் என்று பரிந்துரைத்தது அந்தக் கமிஷன்தான். 1935-ல் ரிசர்வ் வங்கி பிறந்தது.

இதற்கு முன்பே, 1918-ல், பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் அவர் அரசியல் பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். ஆசிரியர்களுக்குப் பொதுவாக வைத்திருந்த பானையிலிருந்து அவர் தண்ணீர் குடிப்பதைச் சக ஆசிரியர்கள் சிலர் எதிர்த்தார்கள். பொருளியல் துறையில் பாகுபாடு என்று சொன்னால், அந்தப் பானையிலிருந்துதான் நாம் தொடங்க வேண்டியிருக்கிறது.

அதே ஆண்டில் சிறு நிலங்களைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். துண்டு துண்டாகக் கிடக்கும் வயல்களை ஒன்றுசேர்த்தால் போதும் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. நிலத்தை நம்பி இருப்பவர்களில் பெரும் பகுதியினருக்கு நிலத்தில் உண்மையில் வேலை இல்லை, அந்த உழைப்பு தொழில்துறைக்குப் போக வழிசெய்ய வேண்டும் என்றார் அம்பேத்கர்.

36 ஆண்டுகள் கழித்து, 1954-ல், இதே உபரி உழைப்பை அடிப்படையாக வைத்து ஆர்தர் லூயிஸ் ஒரு கோட்பாட்டை உருவாக்கினார். 1979-ல் நோபல் பரிசு பெற்றார். வளர்ச்சிப் பொருளியல் படிக்கிற மாணவர் எவரும் லூயிஸைப் படிக்காமல் இருக்க முடியாது. அம்பேத்கரின் கட்டுரையையோ பெரும்பாலான பாடத்திட்டங்களில் தேடினாலும் கிடைக்காது.

கடல் கடந்தும் இதே கதை

லூயிஸும் எளிதாக மேலே வந்துவிடவில்லை. செயின்ட் லூசியா என்ற சின்னத் தீவில் பிறந்த கறுப்பர் அவர். பொறியாளர் ஆக விரும்பினார். கறுப்பரைப் பொறியாளராக யாரும் வேலைக்கு வைக்க மாட்டார்கள் என்று தெரிந்ததால் வணிகவியல் படிக்க லண்டன் போனார். அம்பேத்கர் படித்த அதே கல்லூரியில் 1938-ல் முதல் கறுப்பின ஆசிரியர் ஆனார். பொருளியலில் நோபல் பெற்ற கறுப்பர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

அம்பேத்கர் லண்டனில் எம்.எஸ்சி. பெற்ற அதே 1921-ல், அமெரிக்காவில் சேடி அலெக்சாண்டர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் முனைவர் பட்டம் வாங்கினார். அந்த நாட்டில் பொருளியலில் அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். ஆனால் பொருளியல் கற்பிக்க எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்கு இடம் தரவில்லை. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். பிறகு சட்டம் படித்து வழக்கறிஞர் ஆனார். சட்டத்துறைக்கு லாபம், பொருளியல் ஓர் அறிஞரை இழந்தது.

எலினார் ஆஸ்ட்ரம் வெள்ளையர். ஆனாலும் பெண் என்பதால் பள்ளியில் உயர்கணிதம் படிக்க விடவில்லை. கணிதம் போதாது என்று பொருளியல் முனைவர் படிப்பில் இடம் கிடைக்கவில்லை. அரசியல் அறிவியலுக்குப் போனார். 2009-ல் பொருளியல் நோபலை வென்ற முதல் பெண் அவர்தான்! ஊர்ப் பொதுக் குளத்தையும் காட்டையும் மக்கள் தாங்களே எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்பதே அவருடைய ஆய்வு.

யார் கேட்கிறார்கள் என்பது முக்கியம்

சந்தைக்குச் சாதி தெரியாது, விலை மட்டுமே தெரியும் என்று பாடப்புத்தகம் சொல்லும். அது உண்மையா என்று சோதித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர், தலித் சமூகத்திலிருந்து வந்த பொருளியல் அறிஞர் சுகதேவ் தோரட். அவரும் பால் அட்டவெல்லும் சேர்ந்து, தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். படிப்பும் தகுதியும் சமம், பெயர் மட்டும் வேறு. தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான். 2007-ல் வெளிவந்த ஆய்வு இது.

தோரட்டும் மற்ற சிலரும் சேர்ந்து 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடத்திய ஆய்வு 2006-ல் நூலாக வந்தது. தலித்துகள் கறந்த பாலைக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்க மறுப்பதெல்லாம் அதில் பதிவானது. பால் கேனோடு திரும்பி நடந்தவர்களுக்கு இது காலங்காலமாகத் தெரிந்த செய்தி. ஆனால் எண்ணோடும் ஆதாரத்தோடும் எழுதப்பட்ட பிறகுதான் அது பொருளாதாரப் பிரச்சினை ஆயிற்று. நம்மவர் உள்ளே இல்லாவிட்டால் இந்தக் கேள்வி எழவே எழாது.

இன்றைய கதவுகள்

மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணிகளில் இடஒதுக்கீட்டுக்கு 2019-ல் சட்டம் வந்தது. உடனே ஐ.ஐ.எம். நிறுவனங்கள் விலக்குக் கேட்டன. வேறு இடங்களில் இடம் இருக்கும், விளம்பரம் வரும், நேர்காணலும் நடக்கும். முடிவில் 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று எழுதி இடத்தைக் காலியாகவே விட்டுவிடுவார்கள்.

இன்னொரு கதவு மொழி. இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை யு.பி.எஸ்.சி. நடத்துகிறது. விடைகளை ஆங்கிலத்தில் மட்டுமே எழுத வேண்டும். அரசுக் கலைக் கல்லூரியில் தமிழ்வழியில் பி.ஏ. பொருளியல் படித்த முதல் தலைமுறைப் பட்டதாரி அங்கேயே தயங்கி நின்றுவிடுகிறார். மூன்றாவது கதவு கணிதம். பிளஸ் டூவில் கணிதத்தை விட்டவர்களுக்குப் பெரிய பல்கலைக்கழகங்களின் எம்.ஏ. நுழைவுத் தேர்வு மலையாகத் தெரிகிறது.

மாணவர்களுக்குச் சில வார்த்தைகள்

தம்பி, தங்கைகளே, பி.ஏ. பொருளியலை 'வேறு இடம் கிடைக்காததால் சேர்ந்த படிப்பு' என்று நினைக்காதீர்கள். முதல் ஆண்டிலிருந்தே கணிதத்தையும் புள்ளியியலையும் சேர்த்துப் படியுங்கள். ஆங்கிலத்தில் தினம் ஒரு பக்கம் எழுதிப் பழகுங்கள். பொருளியலில் முதுகலை முடித்தால் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை எழுதலாம். பட்டியல் சாதியினருக்கு அதில் இடஒதுக்கீடும் வயதுத் தளர்வும் உண்டு. கல்லூரிகள் கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் மாலை நேர வகுப்பு நடத்த வேண்டும் என்று கேட்பது நம் அமைப்புகளின் வேலை.

ஊரிலேயே தொடங்க வேண்டிய வேலையும் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் ஆதிதிராவிடர் 20 சதவீதம். அந்த விகிதத்தில் நிதி ஒதுக்க வேண்டும் என்பது நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான கொள்கை. 2024-ல் அதற்கென்று தமிழகச் சட்டமன்றத்தில் தனிச் சட்டமும் நிறைவேறியது. ஒதுக்கிய பணம் எவ்வளவு, செலவானது எவ்வளவு, எந்தத் தெருவுக்கு வந்தது? நிதிநிலை அறிக்கையை நான்கு பேர் உட்கார்ந்து படித்தால் இதற்கு விடை தேடத் தொடங்கலாம். இந்த ஆண்டு நம் படிப்பகங்களில் அதைச் செய்வோம்.