மலையேறும்போது இன்ஜின் கொதித்தால்

கோடை விடுமுறையில் மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில் போனால், பானெட்டைத் திறந்தபடி ஓரங்கட்டி நிற்கும் சுற்றுலா வேன்களைத் தவறாமல் பார்க்கலாம். டிரைவர் ஒரு கையில் துணியும் மறு கையில் தண்ணீர் பாட்டிலுமாக நிற்பார். அடுத்து ரேடியேட்டர் மூடியைத் திருகுவார். அதைத்தான் செய்யக் கூடாது.

அந்த மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த நொடியில் கூலன்ட் கொதித்து ஆவியோடு பீறிட்டு முகத்தில் அடிக்கும். துணி காப்பாற்றாது. சுட்டுவிட்டால் 20 நிமிடம் ஓடும் நீரில் காட்டி, 108-ஐ அழையுங்கள். பேஸ்ட், மை எதையும் பூசாதீர்கள்.

வெப்பநிலை முள் ஏறத் தொடங்கும்போதே ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுதாகத் திறந்தால் இன்ஜின் சூட்டில் ஒரு பங்கு உள்ளே வந்துவிடும். வண்டியில் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை. மேல் கியரில் முக்க விடாமல் கீழ் கியருக்கு மாற்றினால் பம்பும் ஃபேனும் வேகமாகச் சுழலும். முள் சிவப்பைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ, அகலமான இடத்தில் நிறுத்தி இன்ஜினை உடனே அணைத்துவிடுங்கள். அரை மணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள். சூட்டோடு பச்சைத் தண்ணீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட்டே விரிசல் விடலாம். டயருக்கு முட்டுக் கொடுத்த கல்லைக் கிளம்பும்போது எடுத்துப் போடுங்கள். அடுத்து பைக்கில் வருபவர் அதில் மோதித்தான் விழுகிறார்.

சமதளத்தில் எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடுவதால் கோளாறு வெளியே தெரியாது. ஏற்றத்தில் 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் ஃபேன் ஒன்றுதான் துணை. ஆகவே கிளம்பும் முன் ஃபேன் கிளட்ச், பெல்ட், மூடியின் ரப்பர், ரேடியேட்டர் இடுக்கில் அடைத்த மண் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். கூலன்ட்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் நிரப்புவதும், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் வைத்தியம் ஆகாது. ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். இழுவை வண்டியில்தான் இறக்க வேண்டும்.

சர்வீஸ் செய்த கையோடு வண்டி கொதித்தால் பலரும் ஒர்க் ஷாப்பில் கத்திவிட்டு வந்துவிடுகிறார்கள். கத்தல் சாட்சி சொல்லாது. வண்டியை விடும்போதே 'ஏற்றத்தில் சூடாகிறது' என்ற புகாரை ஜாப் கார்டில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். பில்லில் கூலன்ட்டும் மாற்றிய பாகங்களும் தனித்தனியே இருக்கட்டும். பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். வாரன்ட்டி கிடையாது என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் நீங்களே பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள்.

அதன்பின் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனு போடலாம். கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். வக்கீல் கட்டாயமில்லை. நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமும் இல்லை. கெடு 2 ஆண்டுகள். வாடகை வேன் பாதி வழியில் நின்றாலும் இதே வழிதான். முன்பணம் கட்டியதற்கு ரசீது இருக்க வேண்டும். ஜாப் கார்டையும் பில்லையும் இன்றே போட்டோ எடுத்துவையுங்கள். பில் அச்சு நாளடைவில் மங்கிவிடலாம்.