ஒரே குன்றைப் பலமுறை வரைதல்

நிலக்காட்சி ஓவியம் பழகுவோர் பலர் ஒரு கட்டத்தில் தேங்கிவிடுகின்றனர். மரத்திற்கு ஒரு பச்சை, வானத்திற்கு ஒரு நீலம், தொலைமலைக்கு ஓர் ஊதா எனக் கை தானாகவே ஓடும். ஐந்தாண்டுக்கு முன் வரைந்த படமும் நேற்றைய படமும் ஒன்றுபோலவே இருக்கும். பணி ஓய்வுக்குப் பின் ஆசையோடு வாங்கிய வண்ணப்பெட்டி பரணுக்கு ஏறிவிடுவதற்குத் திறமைக் குறைவைவிட இந்தச் சலிப்பே காரணம் என்று கருதுகிறோம். வரையும் முறையை மாற்றிப் பார்ப்பதே இதற்கு மருந்து.

செகந்திராபாத்தின் மெட்டுகுடாவை எடுத்துக்கொள்வோம். ரயில்வே குடியிருப்புகளும் 2017 முதல் தலைக்கு மேல் ஓடும் மெட்ரோவும் கொண்ட இங்கே வரைவதற்கு என்ன உண்டு என்று தோன்றலாம். வடகிழக்கே சற்றுத் தொலைவில் மௌலா அலி குன்று நிற்கிறது. அதன் கிரானைட் பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டு முதுமையுடையது. உருண்டை வடிவப் பாறையில் ஒளி மெல்ல மெல்ல மங்குவதால், பழகுவோருக்கு அதைவிடக் கண்டிப்பான ஆசிரியர் இல்லை.

முதல் நாள் வண்ணமே வேண்டாம். அஞ்சலட்டை அளவுத் தாளில், கண்ணைச் சுருக்கிப் பார்த்து, வெளிச்சம், இடைநிழல், கருநிழல் என மூன்றே சாயல்களில் பென்சிலால் வரையலாம். பத்து நிமிடம் போதும். படம் பெரும்பாலும் தோற்பது வண்ணத்தில் அன்று, இந்தச் சாயல் பகுப்பில்தான்.

அடுத்து, அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியென்னாவும் மட்டும் கொண்டு நீர்வண்ணத்தில் வரைந்து பார்க்கலாம். இவ்விரண்டும் கலந்து தரும் சாம்பல் நிறத்தை வெம்மைக்கும் குளிர்மைக்கும் விருப்பம்போல் சாய்க்கலாம்; பாறைக்கு அதுவே பொருந்தும். நீர்வண்ணத்தில் வெண்மை என்பது தாளே. ஆகவே எதை விட்டுவைப்பது என்று முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். மே மாத வெயிலில் பூச்சு நொடியில் உலர்ந்துவிடும். காலை ஏழு மணிக்குள் முடித்துக்கொள்வது நலம். அதே குன்றை அக்ரிலிக்கில் வரைந்தால் இருளிலிருந்து ஒளிக்குப் போகலாம், பிழையை மூடித் திருத்தலாம். முன்னது திட்டமிடக் கற்பிக்கும். பின்னது துணிவு தரும்.

களத்தில் வரைவதும் வீட்டில் முடிப்பதும் வேறு வேறு பயிற்சிகள். 1792-93இல் தென்னகத்தைச் சுற்றிய தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் கேமரா அப்ஸ்கியூராவின் துணையோடு களத்தில் கோட்டுருவம் எடுத்தனர். அச்சுப் படங்களைப் பின்னர் இங்கிலாந்தில் உருவாக்கினர். இன்று கைப்பேசி அவ்வேலையைச் செய்கிறது. ஆயினும் அதன் படத்தில் நிழல்கள் கரிய திட்டாகிவிடுவதுண்டு. எனவே நிழலின் நிறத்தைக் களத்திலேயே குறித்துக்கொள்வது அவசியம்.

ராம் குமார் 1948இல் வங்கிப் பணியைத் துறந்து ஓவியத்தை மேற்கொண்டவர். (எமது ஊழியர்கள் இவ்வரியைக் கடந்து செல்வார்களாக!) 1960இல் காசிக்குச் சென்ற அவர் அந்நகரை ஆண்டுக்கணக்கில் வரைந்தார். அடையாளம் தெரிந்த வீடுகளும் படித்துறைகளும் நாளடைவில் வண்ணத் தளங்களாகக் கரைந்தன.

அவரைப் பின்பற்ற எளிய வழி நினைவிலிருந்து வரைவது. குன்றை ஐந்து நிமிடம் உற்று நோக்கிவிட்டு வீடு திரும்பி, குறிப்பைப் பாராமல் வரையுங்கள். மறந்தவற்றுள் பெரும்பாலானவை படத்துக்குத் தேவையற்றவையாகவே இருக்கும். தேவையானது ஏதேனும் விடுபட்டிருந்தால், மறுநாள் காலை கண் முதலில் அங்கேதான் போகும்.