கடல் தந்த கல்லில் எழுந்த பள்ளிவாசல்கள்

மாலத்தீவின் தலைநகரான மாலேயில் 'ஹுக்குரு மிஸ்கிய்' என்ற பழைய பள்ளிவாசல் இருக்கிறது. அந்நாட்டின் திவேஹி மொழியில் இதற்கு ஜுமுஆ பள்ளி என்று பொருள். சுல்தான் முதலாம் இப்ராஹீம் இஸ்கந்தர் காலத்தில், 1658இல் கட்டி முடிக்கப்பட்டது. இதன் சுவர்க் கற்கள் மலையில் வெட்டியவை அல்ல. கடலுக்கு அடியிலிருந்து எடுத்த பவளக்கற்கள். நம் கடற்கரை ஊர்களில் முருகைக்கல் என்போமே, அதுதான்.

மாலத்தீவில் மலையும் கிடையாது, கருங்கல்லும் கிடையாது. மணலும் தென்னையும் கடலும்தான் உண்டு. எனவே அம்மக்கள் தங்கள் தொழுகைத் தலத்துக்கான கல்லையும் கடலிலேயே தேடினார்கள்.

கல் செதுக்கிய விதம்

மூச்சடக்கி மூழ்கி, பெரிய பவளப் பாறைகளை வெட்டிக் கரைக்குக் கொண்டு வருவார்கள். ஈரமாக இருக்கும்போது பவளக்கல் மென்மையானது. உளிக்கு எளிதில் இணங்கும். காயக் காய இறுகிவிடும். அந்த இடைவெளியில்தான் பூவேலைப்பாடுகளையும் அரபு எழுத்துகளையும் செதுக்கினார்கள். ஒரு கல்லின் விளிம்பு அடுத்த கல்லின் பள்ளத்தில் பொருந்துமாறு, தச்சர்கள் மரத்தைக் கோப்பது போலக் கற்களைக் கோத்தார்கள். பள்ளியைச் சுற்றியுள்ள அடக்கத்தலத்தின் மீஸான் கற்களும் பவளக்கல்லே. இத்தகைய ஆறு பள்ளிவாசல்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலங்களுக்கான உத்தேசப் பட்டியலில் உள்ளன.

அளவு மீறியபோது

பவளம் வெறும் கல் அன்று. நுண்ணிய உயிர்கள் கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு கட்டும் வீடு அது. கட்டடத்துக்கு ஏற்ற பருத்த வகைப் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அந்தப் பவளத் திட்டுகளே கரைக்கு அரண். அலையின் ஆற்றலில் சராசரியாக 97 சதவீதத்தை அவை தணித்துவிடுவதாக 2014இல் வெளியான ஆய்வு ஒன்று கூறுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் பவளத்தைப் பெருமளவில் வெட்டினார்கள். மாலேயில் பவளத் திட்டின் மேற்பரப்பையே தூர்த்து நிலமாக்கினார்கள். 1987 ஏப்ரலில் தொலைகடலில் கிளம்பிய பேரலைகள் நகருக்குள் புகுந்தன. அதன் பிறகு ஜப்பானின் உதவியோடு கான்கிரீட் அலைதடுப்புச் சுவர் எழுப்ப வேண்டியதாயிற்று. அல்லாஹ் இலவசமாகத் தந்திருந்த சுவரின் வேலையைச் செய்யப் பெரும் பொருட்செலவு!

2004 சுனாமியின்போது இலங்கையின் தென்மேற்குக் கரையிலும் இதே பாடம். பவளத் திட்டுகள் காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் கடல் சிறிது தூரமே உள்ளே வந்தது. சில கிலோமீட்டர் தொலைவில், பவளம் வெட்டப்பட்டிருந்த பெரலியவில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் புகுந்து ரயிலையே புரட்டிப் போட்டது.

நம் வாசலிலும்

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் முருகைக்கல் எடுத்து எடுத்து, இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. இந்தியாவில் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பவளத்தை வெட்டுவது குற்றம்.

அப்படியானால் பவளத்தால் பள்ளி கட்டிய முன்னோர் தவறு செய்தார்களா? அவர்கள் தேவைக்கு எடுத்தார்கள். மூச்சடக்கி ஒவ்வொரு கல்லாக எடுத்ததால், உழைப்பே அதற்கு ஓர் எல்லை வகுத்தது. எடுத்த கல்லையும் முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நிற்கும்படி வைத்தார்கள். அளவு மீறியது பின்னால் வந்த நாம்தான்.

சூரா அர்ரஹ்மான் மீஸானைப் பற்றி, அதாவது தராசைப் பற்றிப் பேசுகிறது. அதே சூராவில்தான் கடலிலிருந்து வெளிப்படும் முத்தும் மர்ஜானும் அருட்கொடைகளாக எண்ணப்படுகின்றன. மர்ஜான் என்பதற்குப் பவளம் என்றே பலரும் பொருள் கொள்கின்றனர். கொடையும் அளவும் ஒரே அத்தியாயத்தில் அமைந்திருப்பது நம் சிந்தனைக்குரியது.

கரையோரம் மனை வாங்குமுன், வீடு எழுப்புமுன், அந்த மண்ணைக் காத்து நிற்பது எது என்று ஒருமுறை கேட்போம். நம் ஊர்ப் பழைய பள்ளியை இடித்துப் புதிதாக்கத் துடிக்குமுன், அதன் கல் எங்கிருந்து வந்தது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.

அருட்கொடைகளை அளவோடு பயன்படுத்தி நன்றி செலுத்தும் மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.